இறைச்சி மாட்டுக்குப் புரோபயாட்டிக்: வயிற்றுக்குள் எது மாறுகிறது, எது மாறுவதில்லை

400 கிலோ எடையுள்ள ஒரு காளையின் அசையூண் வயிற்றில் (தீவனம் நொதிக்கும் பெரிய முதல் அறையில்) சுமார் 50 லிட்டர் நீர்மம் இருக்கும். மில்லிலிட்டருக்கு 1,000 கோடி பாக்டீரியா என்று குறைத்துக் கணக்கிட்டாலே மொத்தம் 5 கோடி கோடி வருகிறது. நாம் தீவனத்தில் கலந்து தரும் புரோபயாட்டிக்கில் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் 100 கோடி உயிரிகள்தான் இருக்கும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஐந்து லட்சம் பாக்டீரியாவுக்கு நாம் அனுப்புவது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று போய் என்ன செய்துவிடும்?

நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரிந்தவர் சரியான பொருளைச் சரியான நாளில் வாங்குவார். தெரியாதவர் வருடம் முழுக்கப் பொடியைக் கொட்டிவிட்டு, மாடு தேறவில்லை என்று சலித்துக்கொள்வார்.

பொருள் என்னவென்று முதலில் பார்ப்போம். விலங்குக்கு நன்மை தரும் என்று உயிரோடு ஊட்டப்படும் பாக்டீரியா, ஈஸ்ட் ஆகியவற்றையே புரோபயாட்டிக் என்கிறோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1989 முதல் கால்நடைத் தீவனத்தில் இவற்றை ‘நேரடியாக ஊட்டப்படும் நுண்ணுயிரிகள்’ என்றே குறிப்பிடச் சொல்கிறது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்ட்டிபயாட்டிக் சேர்ப்பதைத் தடை செய்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்ட்டிபயாட்டிக்குகளை வளர்ச்சிக்காகத் தருவது 2017 தொடக்கத்தில் அமெரிக்காவிலும் நின்றது. அதன் பிறகு இந்தப் பொருள்கள் மீது இறைச்சி மாட்டுப் பண்ணைகளின் கவனம் பெரிதும் திரும்பியது.

இங்கே பேசப்போவது டெக்ஸஸ், கான்சாஸ், நெப்ராஸ்கா பக்கத்து ஃபீட்லாட் மாடுகளைப் பற்றி. புல்வெளியில் வளர்ந்த கன்றுகளை வாங்கி, திறந்த அடைப்புகளில் நிறுத்தி, ஐந்தாறு மாதம் மக்காச்சோளம் மிகுந்த தீவனம் போட்டுக் கொழுக்க வைக்கும் பெரும் பண்ணைகள் அவை. புரோபயாட்டிக்கின் வேலை அங்கேதான் தெளிவாகத் தெரியும். காரணம், புல்லிலிருந்து தானியத்துக்கு மாறும் அந்தச் சில வாரங்கள் மாட்டின் வளர்சிதை மாற்றத்தையே புரட்டிப்போடுகின்றன.

தீவனத்தை முதலில் தின்பது மாடு அல்ல

அசைபோடும் விலங்கு விழுங்கும் தீவனத்தை நுண்ணுயிரிகள் முதலில் தின்கின்றன. அவை வெளியேற்றும் அமிலங்களை மாடு எடுத்துக்கொள்கிறது. மாட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் 70 சதவீதம் அளவுக்கு இப்படி வருவதுதான். அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்ற மூன்றும் இதில் முக்கியம். ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள் என்று இவற்றைச் சேர்த்துச் சொல்வார்கள். வைக்கோலும் புல்லும் தின்னும் மாட்டில் இவற்றின் விகிதம் ஏறக்குறைய 70:20:10. தானியம் கூடும்போது 50:40:10 பக்கம் நகரும்.

இந்த நகர்வுதான் கொழுக்க வைக்கும் தொழிலின் அடிப்படை. குளுக்கோஸ் அசிட்டேட்டாக உடையும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. மெத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் அந்த ஹைட்ரஜனைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து மெத்தேனாக்க, மாடு அதை ஏப்பமாக விட்டுவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய தீவனத்தின் ஒரு பங்கு காற்றில் போகிறது. புரோப்பியனேட் உண்டாகும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். அந்த வினை ஹைட்ரஜனை வாங்கிக்கொள்கிறது. ஆகவே குளுக்கோஸில் இருந்த ஆற்றலை 100 என்று வைத்தால், முழுவதும் அசிட்டேட்டாக மாறும்போது 62 தான் அமிலத்தில் தங்கும். பியூட்டிரேட்டில் 78. புரோப்பியனேட்டில் 109. நூறைத் தாண்டுவது எப்படி என்றால், வேறெங்கோ மிஞ்சிய ஹைட்ரஜனையும் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது.

உறிஞ்சப்பட்ட பிறகும் மூன்றும் ஒரே வழியில் போவதில்லை. பியூட்டிரேட்டின் பெரும்பகுதி வயிற்றுச் சுவரிலேயே பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டாக மாறிவிடும். அசிட்டேட் உடலெங்கும் எரிபொருளாகவும் கொழுப்பு உண்டாக்கும் மூலப்பொருளாகவும் போகும். புரோப்பியனேட் கல்லீரலுக்குப் போய்க் குளுக்கோஸ் ஆகும். மாடு தின்னும் மாவுச்சத்தின் பெரும்பங்கு வயிற்றிலேயே நொதித்துவிடுவதால், தனக்குத் தேவையான குளுக்கோஸைக் கல்லீரலில்தான் அது தயாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு முதன்மையான மூலப்பொருள் புரோப்பியனேட். எடை கூட்டும் புரோபயாட்டிக் என்று எவர் சொன்னாலும், புரோப்பியனேட்டைக் கூட்டும் அல்லது புரோப்பியனேட் பாதை கெடாமல் காக்கும் என்ற உரிமைகோரல் அதில் ஒளிந்திருக்கும்.

தானியம் அளவு மீறும் 24 மணி நேரம்

தானியத்தால் கிடைக்கும் லாபம் முழுவதும் ஒரே நாளில் பறிபோகக்கூடியது. மழையிலோ வண்டிப் பழுதிலோ தீவனம் நாலைந்து மணி நேரம் தாமதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பசித்த மாடு, வந்ததும் தொட்டியை விட்டு விலகாமல் தின்கிறது. ஒரே வேளையில் பெரும் மாவுச்சத்து உள்ளே இறங்குகிறது.

முதல் சில மணி நேரம் எல்லா பாக்டீரியாவும் வேகம் எடுக்கின்றன. ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள் உறிஞ்சும் வேகத்தைத் தாண்டிச் சேர்ந்து, வயிற்றின் பி.எச். (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல் என்று பொருள்) 6-க்குக் கீழே வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா இந்த நேரத்துக்காகவே காத்திருப்பது போல நடந்துகொள்ளும். சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால் அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும். மற்ற அமிலங்களை விட்டுவிட்டு லாக்டிக் அமிலத்தைத் தயாரிக்கத் தொடங்கும். லாக்டிக் அமிலம் மற்ற மூன்றையும்விடச் சுமார் பத்து மடங்கு வலிமையான அமிலம். சாதாரண நாளில் லாக்டேட் (நீரில் கரைந்த லாக்டிக் அமிலம்) உண்டானாலும் அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் உடனுக்குடன் எடுத்துவிடுவதால், வயிற்று நீரில் அளவே தெரியாது. இன்று அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பி.எச். 5.6-க்கும் 5.0-க்கும் இடையில் சில மணி நேரம் கிடந்தால் அதை மறைநிலை அமிலநோய் என்கிறோம். மாடு படுத்துவிடாது. தீவனம் ஒரு நாள் குறையும், மறுநாள் கூடும். சாணம் சாம்பல் நிறமாக, நுரையோடு, செரிக்காத தானியத் துணுக்குகளோடு இளகிப் போகும். தொட்டியைத் தினமும் பார்ப்பவருக்குத்தான் இது பிடிபடும். 5.0-க்கும் கீழே போனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸே தளர்ந்து, இன்னும் அமிலம் தாங்கும் லாக்டோபேசில்லஸ் ஆதிக்கம் பிடிக்கும். நார் செரிக்கும் பாக்டீரியாக்களும் புரோட்டோசோவாக்களும் கூட்டமாகச் சாகும். இரத்தத்திலிருந்து நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு மாடு வறண்டுபோகும். டி-லாக்டேட் என்ற வடிவத்தை மாட்டின் உடல் மெதுவாகத்தான் எரிக்கும். அது இரத்தத்தில் தேங்கி இரத்தத்தையே அமிலமாக்கும்.

உயிர் பிழைத்த மாட்டிலும் வேலை முடிவதில்லை. அமிலத்தில் வெந்த வயிற்றுச் சுவர் வழியாக ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியா, கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் நாளம் ஏறி, அங்கே சீழ்க்கட்டி வைக்கும். அமெரிக்க ஃபீட்லாட் மாடுகளில் 10 முதல் 20 சதவீதத்தில் அறுவைக்கூடத்தில் இது தெரியவருவது வழக்கம். அந்தக் கிருமிக்கும் லாக்டேட்தான் விருப்ப உணவு என்பதைக் கவனியுங்கள்.

செத்த பாக்டீரியாக்களின் நச்சுத்துணுக்கு, வெந்த அந்தச் சுவர் வழியாக இரத்தத்துக்குள் கசிந்தால் நோய் எதிர்ப்பு அமைப்பு விழித்துக்கொள்ளும். விழித்துக்கொண்ட அந்த அமைப்பு குளுக்கோஸைத்தான் தின்னும். காளைகளின் இரத்தத்தில் இத்தகைய நச்சைச் செலுத்தி அளந்தபோது, 12 மணி நேரத்தில் சுமார் அரை கிலோ குளுக்கோஸ் இதற்கே செலவானது. தசையாக மாறியிருக்க வேண்டியது. புரோபயாட்டிக்கால் எடை கூடுவதாகப் பதிவாகும் இடங்களில், புதிதாக ஆற்றல் உண்டாவதைவிட இந்த வீண்செலவு தடுக்கப்படுவதே பெரும்பங்கு என்பது எங்கள் துணிபு.

எந்த உயிரிக்கு எந்த வேலை

இனி அந்த ஐந்து லட்சத்துக்கு ஒன்று கணக்குக்கு வருவோம். பொதுவான வேலை செய்யும் பாக்டீரியாவை மேலும் கொஞ்சம் ஊற்றினால் எதுவும் நடக்காது. ஆனால் புல் தின்று வந்த மாட்டில் லாக்டேட் தின்னும் பாக்டீரியாக்கள் மிகக் குறைவு. இதுவரை அவற்றுக்கு வேலையே இருக்கவில்லை. அவை தாமாகப் பெருகச் சில வாரங்கள் எடுக்கும். அந்த வெற்றிடத்தில் சிறு எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு.

மெகாஸ்பேரா எல்ஸ்டெனீ இதற்குப் பொருத்தமான உயிரி. லாக்டேட்டைத் தின்று பியூட்டிரேட்டும் புரோப்பியனேட்டும் தருகிறது. லாக்டேட் தின்னும் வேறு சில பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கண்டதும் லாக்டேட்டைக் கைவிட்டுவிடும். சர்க்கரை வெள்ளமாக ஓடும் நேரத்திலும் மெகாஸ்பேரா லாக்டேட்டை விடாது. நமக்கு வேண்டியது அந்தக் குணம்தான். தென்னாப்பிரிக்காவில் பிரித்தெடுத்த 41125 என்ற எண்ணுள்ள ரகம் வணிகத்தில் இருக்கிறது. 1,000 கோடி உயிரிகள் என்ற அளவில் ஒரே ஒருமுறை வாய்வழியாக ஊற்றுவார்கள். 50 லிட்டரில் கலந்தால் மில்லிலிட்டருக்கு இரண்டு லட்சம். உள்ளே லாக்டேட் கிடைத்தால் அங்கிருந்து பெருகும். வழக்கமாக 21 முதல் 28 நாள் பிடிக்கும் தானிய மாற்றத்தை இதை ஊற்றி ஏறக்குறைய 10 நாளாகச் சுருக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

இது ஆக்சிஜன் பட்டால் சாகும் உயிரி. பையைத் திறந்ததும் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். ஊற்றும் நாள், மாடு முதல் தானியத் தீவனம் தின்னப்போகும் நாளாக இருக்க வேண்டும். இரண்டு வாரம் முன்னதாக ஊற்றினால் லாக்டேட் இல்லாத வயிற்றில் பட்டினி கிடந்து மறைந்துபோகும். ஊற்றும்போது தலையை மிகவும் தூக்கிப் பிடிக்காமல், குழாய் முனையை நாக்கின் பின்பகுதிக்குக் கொண்டுபோய், மெதுவாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் திரவம் நுரையீரலுக்குப் போய் மாடு நிமோனியாவில் சாகும். புரோபயாட்டிக்கால் மாடு செத்தது என்ற புகாருக்குப் பின்னால் இப்படி ஒரு கைத்தவறு இருக்கக்கூடும்.

அடுத்தது லாக்டோபேசில்லஸும் புரோப்பியோனிபாக்டீரியமும் சேர்ந்த ஜோடி. லாக்டிக் அமிலத்துக்குப் பயந்துகொண்டே லாக்டிக் அமில பாக்டீரியாவை ஊட்டுவது முரணாகத் தோன்றும். இதற்குத் தரப்படும் விளக்கம் இது: லாக்டேட் சிறு அளவில் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருந்தால், அதைத் தின்னும் கூட்டம் பட்டினியால் கலையாமல் தயார்நிலையில் இருக்கும், திடீரென்று லாக்டேட் கூடும் நாளில் அது கைகொடுக்கும். கூடவே தரப்படும் புரோப்பியோனிபாக்டீரியம் லாக்டேட்டைப் புரோப்பியனேட்டாக மாற்றும். ஆனால் அது மெதுவாக வளர்வது. மேலே சொன்ன 24 மணி நேர விபத்தை அதனால் தடுக்க முடியாது. நாள்தோறும் சிறிய அளவில் உதவும் பொருளாக அதைப் பார்ப்பதே சரி.

இந்த ஜோடிக்கு வேறொரு பயனும் உண்டு. 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் இறைச்சியால் ஈ.கோலை ஓ157:எச்7 பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் கிருமி மாட்டை ஒன்றும் செய்யாது. சாணத்தில் வெளியேறும், அவ்வளவுதான். லாக்டோபேசில்லஸின் குறிப்பிட்ட ஒரு ரகத்தை நாளுக்கு 100 கோடி வீதம் தந்தபோது, கிருமியைச் சாணத்தில் விடும் மாடுகள் சுமார் பாதியாகக் குறைந்தன. வளர்சிதை மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் பல பண்ணைகளுக்குள் இந்தப் பொருள் முதலில் நுழைந்ததற்கு இந்தப் பயனும் ஒரு காரணம்.

ஈஸ்ட்டின் வழி தனி. சாக்கரோமைசஸ் செரிவிசியே வயிற்றில் நிலையாகக் குடியேறாது. தீவனம், தண்ணீர், உமிழ்நீர் ஆகியவற்றோடு வயிற்றுக்குள் நுழையும் கொஞ்ச ஆக்சிஜனை அது உயிரோடு இருக்கும் வரை உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சிஜனை வெறுக்கும் நார் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கு அதனால் மூச்சு வரும். ஈஸ்ட்டிலிருந்து கசியும் மாலிக் அமிலமும் பி வைட்டமின்களும் லாக்டேட் தின்னும் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தூண்டும். செத்த ஈஸ்ட்டால் ஆக்சிஜனை உறிஞ்ச முடியாது. அதன் செல்சுவர், வளர்ப்பு ஊடகத்தின் எச்சம் ஆகியவற்றுக்கு வேறு பயன்கள் உண்டு, விலையும் வேறு. பையில் ‘உயிருள்ள ஈஸ்ட்’ என்றிருக்கிறதா, ‘ஈஸ்ட் கல்ச்சர்’ என்றிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் கறவை மாட்டுக்கென்று தீவனக் கடைகளில் கிடைக்கும் ஈஸ்ட்டும் பெரும்பாலும் இதே இனம்தான். ஆனால் வைக்கோல் மிகுந்த தீவனத்தில் நார் செரிமானத்துக்காக அது தரப்படுகிறது. தானிய அமிலத்துக்கான அளவையும் எதிர்பார்ப்பையும் அதற்கு அப்படியே பொருத்தக் கூடாது.

பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் ஆகியவை வித்துக்களாக வருபவை. சூடும் வறட்சியும் தாங்கும். சிறுகுடல் பக்கம்தான் இவற்றின் வேலை அதிகம். மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும் நொதிகளைச் சுரக்கும், தீங்கு செய்யும் க்ளாஸ்ட்ரிடியம் வகைகளோடு போட்டியிடும். கிடங்கு வசதி குறைந்த பண்ணைக்கு இதுதான் கையாளச் சுலபம்.

இவற்றில் எதையும் பெரும்பாலும் தினமும் தர வேண்டியிருப்பதற்குக் காரணம் எளிது. வயிற்று நீர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பத்து முதல் இருபது மணி நேரத்தில் அது குடலுக்கு நகர்ந்து புதுநீர் வந்துவிடும். அந்த வேகத்துக்கு ஈடாகப் பெருக முடியாத உயிரி அடித்துச் செல்லப்படும். பொடி நிறுத்திய சில நாட்களிலேயே அதன் தடம் மறைந்துவிடும்.

இரத்தத்தில் தெரிவது என்ன

புரோப்பியனேட் கூடினால் இரத்தக் குளுக்கோஸ் கூட வேண்டுமே என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். கல்லீரலும் இன்சுலினும் சேர்ந்து குளுக்கோஸ் அளவைக் குறுகிய வரம்புக்குள் பிடித்துவைத்திருக்கின்றன. கூடுதலாக உண்டான குளுக்கோஸ் தசைக்கும் கொழுப்புக்கும் போய்விடும். ஊசி குத்தி எடுத்த துளியில் அது தெரியாது. வயிற்றின் சராசரி பி.எச்.சும் பல சோதனைகளில் மாறவில்லை. மாறியதாகச் சில சோதனைகள் காட்டுவது, பி.எச். 5.6-க்குக் கீழே கிடந்த நேரத்தின் நீளம். வயிற்றுக்குள் பி.எச். கருவி வைத்து நாள் முழுக்க அளந்தால்தான் அது தெரியும். தீவனம் போட்ட பிறகு ஒருமுறை நீர் எடுத்துப் பார்த்தால் போதாது.

பட்டினியும் பயண அலுப்புமாக வந்த கன்றில் எஸ்டர் ஆகாத கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் உயர்ந்திருக்கும். உடல் தன் கொழுப்பைக் கரைக்கிறது என்பதற்கு அது அடையாளம். வந்த முதல் வாரத்தில் தீவனம் தின்னத் தொடங்கியதும் அது இறங்கும். புரோபயாட்டிக் தந்த அடைப்பில் அது வேகமாக இறங்கினால், கன்றுகள் முன்னதாகத் தின்னத் தொடங்கின என்று பொருள் கொள்ளலாம். டி-லாக்டேட்டைத் தனியாக அளந்தால் அமிலநோயின் பங்கு தெரியும். இரத்தத்தில் நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை ஒரே நேரத்தில் அளக்கும் முறையும் இப்போது பழக்கத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் ஏதோ சில பாதைகள் மாறின என்ற படத்தைக் காட்டிப் பொருள் விற்க வருபவரிடம், அந்த மாடுகளின் எடையும் தின்ற தீவனமும் என்ன ஆயின என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டும் மாறாமல் பாதை மட்டும் மாறியிருந்தால் பண்ணைக்குப் பயன் இல்லை. மெத்தேனைக் குறைக்கும் என்ற உரிமைகோரலுக்கும் இறைச்சி மாடுகளில் ஆதாரம் மெலிந்தே இருக்கிறது.

கலக்கும் கணக்கு

100 மாடு உள்ள அடைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேவை, மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 கோடி சி.எஃப்.யூ. (உயிரோடு இருந்து பெருகக்கூடிய நுண்ணுயிரிகளை எண்ணும் அலகு). கைவசம் உள்ள பொடியில் கிராமுக்கு 200 கோடி. அப்படியானால் மாட்டுக்கு அரை கிராம், அடைப்புக்கு 50 கிராம். அந்த 50 கிராமை 1,200 கிலோ தீவனத்தில் நேராகத் தூவினால் சில மாடுகளுக்கு நாலு மடங்கு கிடைக்கும், பலவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. முதலில் 450 கிராம் மக்காச்சோள மாவோடு கலந்து அரை கிலோ ஆக்குங்கள். அதை இன்னும் 4.5 கிலோ மாவோடு கலந்து ஐந்து கிலோ ஆக்குங்கள். இந்த ஐந்து கிலோவைக் கலவை வண்டியில் பாதித் தீவனம் ஏறிய பிறகு போட்டு, மீதியை ஏற்றி, கடைசிப் பொருள் விழுந்த பின் நாலைந்து நிமிடம் ஓடவிடுங்கள்.

உறைநிலையில் உலர்த்திய பொடியை நீரில் கரைத்துத் தெளிப்பதே பெரிய ஃபீட்லாட்களில் வழக்கம். நீரில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பாக்டீரியாவைக் கொல்லத்தான் இருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். திறந்த தொட்டியில் இரவு முழுக்க நிற்கவிட்டால் குளோரின் பறந்துவிடும். குளோரமைன் போட்ட தண்ணீரில் அப்படிப் போகாது, சோடியம் தயோசல்ஃபேட் சேர்த்து நீக்க வேண்டும். வெந்நீர் கூடாது. கரைத்ததைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மதியம் மிஞ்சியதை மறுநாளுக்கு எடுத்துவைப்பது வீண்.

ஆவியில் அவித்து நசுக்கிய மக்காச்சோளம் உருளையை விட்டு வரும்போது கொதிநிலைக்கு அருகில் இருக்கும். அந்தச் சூட்டில் லாக்டோபேசில்லஸ் தூவினால் பிணத்தைத்தான் ஊட்டுகிறோம். தீவனத்தைக் குச்சிகளாக அழுத்தும், 80 டிகிரிக்கு மேல் போகும் பெல்லட் இயந்திரத்திலும் அதே கதி. அங்கே பேசில்லஸ் வித்து மட்டும் தப்பும், ஈஸ்ட் என்றால் பாதுகாப்புப் பூச்சு உள்ள வகை வேண்டும். தாது உப்புக் கலவையோடு ஒரே பையில் மாதக்கணக்கில் போட்டுவைப்பதும் தவறு. அதிலுள்ள செம்பும் துத்தநாகமும் ஈரமும் சேர்ந்து எண்ணிக்கையைத் தின்றுவிடும்.

மோனென்சின் தரும் பண்ணையில் எந்த உயிரி என்பது இன்னும் முக்கியம். அமெரிக்க ஃபீட்லாட்களில் 1970-களின் நடுவிலிருந்து பழக்கத்தில் உள்ள மருந்து அது. கிராம்-பாசிட்டிவ் எனப்படும், செல்சுவர் அமைப்பால் பிரிக்கப்படும் ஒரு வகை பாக்டீரியாக்களை அடக்கிப் புரோப்பியனேட்டைக் கூட்டுவது அதன் வேலை. மெகாஸ்பேரா அதைத் தாங்கும். ஈஸ்ட்டுக்கு அதனால் பாதிப்பில்லை. லாக்டோபேசில்லஸும் பேசில்லஸும் கிராம்-பாசிட்டிவ் கூட்டம் என்பதால், நாம் வாங்கும் ரகம் மோனென்சினோடு சோதிக்கப்பட்டதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மோனென்சின் ஏற்கெனவே செய்துவிட்ட வேலையைத்தான் புரோபயாட்டிக்கும் செய்ய வருகிறது என்பதால், அது இருக்கும் பண்ணையில் கூடுதல் பலன் சிறிதாகவே இருக்கும்.

பையின் மேல் இனத்தின் பெயர் மட்டும் போட்டு ரக எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ் என்ற பெயருக்குள் ஒன்றுக்கொன்று நடத்தையில் வேறான பல ரகங்கள் உண்டு. ஒன்றில் கிடைத்த முடிவு மற்றதற்குப் பொருந்தாது. சி.எஃப்.யூ. எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா, காலாவதி நாளுக்கா என்பதையும் பாருங்கள். காலாவதி நாளுக்கு உத்தரவாதம் தருவதே நமக்குப் பயன்படும்.

இவ்வளவு கவனித்தும் தானிய மாற்றத்தை அவசரப்படுத்தினால் எந்த நுண்ணுயிரியும் காப்பாற்றாது. 45 சதவீத நார்த்தீவனத்தில் தொடங்கி 35, 25, 10 என்று, ஒவ்வொரு படிக்கும் ஐந்தாறு நாள் கொடுப்பதே வழக்கமான ஏற்பாடு. கடைசித் தீவனத்திலும் 8 முதல் 10 சதவீதம் நீளமான நார் இருந்தால்தான் மாடு அசைபோடும். அசைபோட்டால்தான் சோடியம் பைகார்பனேட் நிறைந்த உமிழ்நீர் இறங்கும். தினமும் ஒரே நேரத்துக்குத் தீவனம் போடுவதும், முந்தைய நாள் மிச்சத்தைப் பார்த்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதும் செலவில்லாத மருந்து. பி.எச். 5-க்குக் கீழே போய்ப் படுத்துவிட்ட மாட்டுக்குப் புரோபயாட்டிக் ஊற்றிக்கொண்டு நேரத்தைக் கழிக்கக் கூடாது. அது கால்நடை மருத்துவர் உடனே பார்க்க வேண்டிய அவசரம்.

எவ்வளவு கிடைக்கும், எப்படி அளப்பது

பாக்டீரியா ஊட்டிய ஃபீட்லாட் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், நன்றாக நடந்தவற்றில் தினசரி எடைக் கூடுதல் 2.5 முதல் 5 சதவீதமும் தீவன மாற்றுத்திறன் சுமார் 2 சதவீதமும் மேம்பட்டன. ஒன்றும் கிடைக்காத சோதனைகளும் இருக்கின்றன. 2 சதவீதம் என்பதைத் தொட்டிக் கணக்கில் பார்ப்போம். ஒரு காளை 150 நாளில், நாளுக்கு ஒன்றரை கிலோ வீதம் 225 கிலோ ஏறுகிறது. ஒரு கிலோ எடைக்கு 6.5 கிலோ உலர்பொருள் தின்கிறது. 2 சதவீத மேம்பாட்டில் அது 6.37 ஆகும். மொத்த மிச்சம் 29 கிலோ. நாளுக்கு ஏறக்குறைய 200 கிராம். ஆகவே ஒரு மாட்டுக்கான தினசரிப் பொடியின் விலை, 200 கிராம் தீவனத்தின் விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எடை வேகமாக ஏறி விற்பனை நாள் முந்தினால் கொஞ்சம் கூடுதலாக ஈடுகட்டும். புதிதாக வந்த கன்றுகளில் நோயும் சாவும் குறைந்தால் கணக்கே மாறும். அதனால்தான் 150 நாளும் தருவதைவிட வந்த முதல் மாதத்துக்கும் தானிய மாற்றத்துக்கும் மட்டும் செலவழிக்கும் பண்ணைகளின் வழி எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

இந்தப் பலனைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மாதத்துக்கு 45 கிலோ ஏறும் மாட்டில் 3 சதவீதம் என்பது 1.35 கிலோ. வயிற்றில் கிடக்கும் தீவனமும் தண்ணீரும் மட்டுமே ஒரு நாளிலிருந்து மறுநாளுக்கு அதைப்போல் பல மடங்கு மாறும். எனவே காலையில் தீவனம் போடுவதற்கு முன், அடுத்தடுத்த இரண்டு நாள் எடை போட்டுச் சராசரி எடுங்கள். தீவனம் அடைப்புக்குப் பொதுவாகப் போவதால் ஒப்பிட வேண்டியது அடைப்புகளைத்தான். ஒரே அடைப்புக்குள் இருக்கும் தனி மாடுகளை ஒப்பிட்டால் முடிவு தப்பாகும். பொடி கொடுத்தது ஒன்று, கொடுக்காதது ஒன்று என்று இரண்டே அடைப்பு வைத்தால் நிழலும் சேறும் கூட முடிவைத் தீர்மானித்துவிடும். பக்கத்துக்கு ஆறேழு அடைப்பாவது வேண்டும், எதற்குப் பொடி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவுசெய்ய வேண்டும். கடைசி எடையைச் சூடான உடல் எடையிலிருந்து, அதாவது அறுத்தபின் எடுக்கும் எடையிலிருந்து திருப்பிக் கணக்கிட்டால் வயிற்றுச் சரக்கின் பிழை நீங்கும். அறுவைக்கூடத்திலேயே கல்லீரல்களையும் அடைப்பு வாரியாக எண்ணி வாங்குங்கள். சீழ்க்கட்டியின் எண்ணிக்கை அந்த ஐந்து மாதத்தின் அமில வரலாற்றை எடைத்தராசைவிடத் தெளிவாகச் சொல்லும்.